ஒட்டு, இழு, விடு: செல்கள் ஊர்வது பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் கருவிழியைப் பற்றி எழுதும்போது, "அதன் மேல்பரப்புச் செல்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊர்ந்து வருகின்றன" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் செல் கல்ச்சர் அறையிலேயே என் வேலைக்காலம் கழிந்தது, அதனால் இந்தக் கேள்விகளைப் படிக்கவே ஆசையாக இருந்தது. இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். சில பதில்கள் நீளம்.

கேள்வி: எங்கள் லேபில் செல்களை பிளாஸ்க்கில் விட்டவுடன் உருண்டையாக இருக்கின்றன. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தட்டையாகப் பரவியிருக்கின்றன. தன் எடையால்தான் அப்படித் தட்டையாகிறது என்று சீனியர் அக்கா சொன்னார். சரியா? (பயோடெக்னாலஜி மாணவி, சேலம்)

பதில்: பிளாஸ்க்கின் அடிக்கு இறங்கும் வரைதான் எடையின் வேலை. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் செல் தானாகச் செய்வது. உங்கள் லேபிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரே செல்களை இரண்டு பிளாஸ்க்கில் விடுங்கள். ஒன்றை 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள், இன்னொன்றை 4 டிகிரி குளிரில் வையுங்கள். இரண்டிலும் எடை ஒன்றுதான். குளிரில் இருப்பவை உருண்டையாகவே கிடக்கும். பரவுவதற்கு ஆற்றலைச் செலவழிக்க வேண்டும், குளிரில் அது நடக்காது.

இனி இன்குபேட்டரில் இருக்கும் பிளாஸ்க்குக்கு வருவோம். மீடியத்தில், அதாவது செல்களுக்கு உணவான திரவத்தில், சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) கலந்திருக்கிறீர்கள் அல்லவா? செல் அடியைத் தொடுவதற்கு முன்பே சீரத்தில் இருக்கும் ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் போன்ற புரதங்கள் பிளாஸ்டிக்கின் மேல் போய்ப் படிந்துவிடுகின்றன. செல் தொடுவது அந்தப் படிவைத்தான். செல்லின் மேலுறையில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவைதான் பிடிக்கும் கைகள். ஃபைப்ரோநெக்டின் 2,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த நீளச் சங்கிலி. அதில் இன்டெக்ரின் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் இடத்தின் சாரம் வெறும் மூன்று அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். 1984-ல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் இதைக் காட்டினார்கள். இந்த மூன்றைக் கொண்ட சின்னத் துண்டை மீடியத்தில் கரைத்துவிட்டால், செல்லின் கைகள் அதைப் பிடித்துக்கொண்டு தரையைக் கோட்டைவிட்டுவிடும். இன்டெக்ரின்களைக் கண்டறிந்த வேலைக்காக எர்க்கி ருவோஸ்லாட்டி, ரிச்சர்ட் ஹைன்ஸ், டிமோதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

பிடி கிடைத்ததும் செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் விளிம்பை நோக்கி வளர்ந்து, உறையை வெளிப்பக்கம் தள்ளுகின்றன. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிய தகடாக விளிம்பு எல்லாப் பக்கமும் விரிகிறது. விரிந்த இடத்தில் புதிய பிடி, அங்கிருந்து மேலும் விரிவு. இப்படித்தான் பரவுகிறது. அதே சமயம் உள்ளே மயோசின் என்ற புரதம் அந்த இழைகளை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பரவிய செல் நாற்புறமும் இழுத்துக் கட்டிய நிலையில்தான் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) விட்டதும் சில நிமிடங்களில் சுருண்டு மறுபடி உருண்டையாகிறது. பிடிகள் வெட்டுப்பட்டதும் உள்ளிழுப்பு வென்றுவிடுகிறது. அடுத்த முறை ட்ரிப்சின் விடும்போது மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்து போகாதீர்கள். அந்தச் சில நிமிடங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயத்துக்குச் சமம்.

இன்னொன்றையும் அக்காவிடம் சொல்லுங்கள். பாக்டீரியா வளர்க்கும் சாதாரண பெட்ரி தட்டும் உங்கள் கல்ச்சர் பிளாஸ்க்கும் ஒரே பாலிஸ்டைரீன்தான். ஆனால் பிளாஸ்க்கின் உட்புறத்தைத் தண்ணீர் ஒட்டும்படி மின்னேற்றிப் பக்குவம் செய்திருப்பார்கள். சாதாரணத் தட்டில் அதே செல்களை விட்டால் பெரும்பாலும் சரியாக ஒட்டாது. எடை அங்கேயும் அதேதான்.

பரவுவது செல்லுக்கு உயிர்ப் பிரச்சினை. 1997-ல் கிறிஸ்டோபர் சென், டொனால்ட் இங்பர் குழுவினர் ஃபைப்ரோநெக்டினைச் சின்னச் சின்னத் தீவுகளாக அச்சடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரத்தக்குழாய்ச் செல்லை உட்கார வைத்தார்கள். பெரிய தீவில் நன்றாகப் பரவிய செல் பிழைத்துப் பெருகியது. சின்னத் தீவில் பரவ இடமில்லாமல் ஒடுங்கிய செல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் அழகு. ஒரு தீவை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து இடைவெளி விட்டு அச்சடித்தார்கள். செல் புள்ளிக்குப் புள்ளி எட்டிப் பிடித்துப் பரந்தது. தொடும் பரப்பு கூடவில்லை, ஆனாலும் பிழைத்தது. எவ்வளவு தொடுகிறது என்பதைவிட எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதே அங்கே முடிவு செய்தது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, பிளாஸ்க்கில் ஒட்டாமல் மிதக்கும் செல்களை நான் பார்த்த பார்வையே மாறிப்போனது.

கேள்வி: செல்லுக்குக் கால் இல்லையே, எப்படி நகரும்? எவ்வளவு வேகமாகப் போகும்? (எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி)

பதில்: உங்கள் ஊரில் தென்னை ஏறுபவரைப் பார்த்திருப்பாய் தம்பி. கையை மேலே போட்டு மரத்தைக் கட்டிப் பிடிப்பார், உடம்பை இழுப்பார், காலைத் தளர்த்தி மேலே கொண்டுவருவார், மறுபடி கால் பிடிக்கும். செல்லும் ஏறத்தாழ அப்படித்தான். முன்பக்கம் ஆக்டின் இழைகள் வளர்ந்து விளிம்பை நீட்டும். நீட்டிய இடத்தில் புதிய பிடி போடும். உள்ளே மயோசின் இழுக்கும். பின்பக்கத்துப் பிடி விட்டுப்போகும். நான்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடங்களில் நடந்துகொண்டிருக்கும்.

இதில் எல்லோரும் மறக்கிற வேலை விடுவது. பிடி பலமாக இருந்தால் வேகம் கூடும் என்றுதானே தோன்றும்? 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தரையில் ஃபைப்ரோநெக்டினையும் செல்லில் இன்டெக்ரினையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். பிடி மிகக் குறைவாக இருந்தபோது செல் வழுக்கியது. மிக அதிகமாக இருந்தபோது பின்பக்கம் விடாமல் நின்றுவிட்டது. நடுத்தரமான பிடியில்தான் வேகம் உச்சம்.

வேகத்துக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். நம் தோலுக்கடியில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் நிமிடத்துக்கு ஒரு மைக்ரான்கூடப் போகாது. ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு நிமிடத்துக்கு 10 மைக்ரான் அளவில் போகும். மீன் செதிலை மூடியிருக்கும் கெரட்டோசைட் என்ற செல்லும் வேகக்காரன், பிறை வடிவத்தில் விரிந்து நேராகச் சறுக்கிப் போகும். 1984-ல் யூட்டனாயரும் ஷ்லீவாவும் இந்தச் செல்லிலிருந்து பிய்ந்த துண்டுகளைக் கவனித்தார்கள். உட்கரு கிடையாது, முழுச் செல்லும் கிடையாது. ஆனாலும் அந்தத் துண்டு திசை மாறாமல் தன் பாட்டுக்கு ஊர்ந்து போனது. நகர்வதற்கான கருவிகள் எல்லாம் அந்த மெல்லிய விளிம்பிலேயே இருக்கின்றன என்று அதனால் தெரிகிறது.

1950-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் எடுத்த சின்னப் படத் துண்டு ஒன்று இணையத்தில் இருக்கிறது. சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு நியூட்ரோஃபில் பாக்டீரியாவைத் துரத்திப் பிடித்து விழுங்கும். ஆசிரியரிடம் சொல்லி வகுப்பில் போட்டுக் காட்டச் சொல். என்னிடம் வந்த மாணவர்களுக்கெல்லாம் முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: செல் தரையை "இழுக்கிறது" என்று எழுதுகிறீர்கள். மைக்ரோஸ்கோப்பில் வடிவம் தெரியும், விசை தெரியாதே. யார், எப்படிக் கண்டார்கள்? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆல்பர்ட் ஹாரிஸ் என்பவர் சிலிக்கோன் திரவத்தின் மேற்பரப்பில் ஒரு நொடி தீயைக் காட்டினார். மேலே மட்டும் ஒரு மெல்லிய ரப்பர் தோல் உருவானது, அடியில் திரவம் அப்படியே இருந்தது. அந்தத் தோலின் மேல் செல்களை விட்டார். ஊர்ந்த செல்களுக்கடியில் தோல் சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. 1980-ல் வெளியான அந்தப் படங்களைப் பார்த்தால் போதும், இழுப்பு இருக்கிறதா என்ற சந்தேகம் அத்தோடு தீரும்.

அதில் அவருக்கே வியப்பான ஒன்று இருந்தது. வேகமாக ஓடும் வெள்ளணுக்கள் அந்தத் தோலைப் பெரிதாகச் சுருக்கவில்லை. மெதுவாகப் போகும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள்தான் பலமாக இழுத்தன, நகர்வதற்குத் தேவையானதைவிட மிக அதிகமாக. அப்படியென்றால் அந்த இழுப்பு வேறு எதற்கு? சுற்றியுள்ள கொலாஜன் இழைகளை இழுத்து, அடுக்கி, திசுவுக்கு வடிவம் கொடுப்பதற்கு என்றார் ஹாரிஸ். ஆறிவரும் காயம் சுருங்கிச் சிறிதாவதில் இந்த இழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அளவு கேட்பீர்கள் என்று தெரியும். 2001-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் அளந்தபோது, ஒரு பிடியின் ஒவ்வொரு சதுர மைக்ரானுக்கும் சுமார் 5 நானோநியூட்டன் வந்தது. கணக்குப் போட்டால் 5 கிலோபாஸ்கல், அதாவது அரை மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம். ஒரு செல்லின் ஒரு பிடிக்கு! இழுக்கும்போதே தரை எவ்வளவு கெட்டி என்பதையும் செல் தெரிந்துகொள்கிறது. பாதி மென்மையாகவும் பாதி கெட்டியாகவும் செய்த ஜெல்லில் விட்டால், மென்மையான பக்கத்திலிருந்து வரும் ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லையைத் தாண்டிக் கெட்டியான பக்கம் போய்விடுகிறது. கெட்டியான பக்கத்திலிருந்து வருவது எல்லையிலேயே திரும்பிவிடுகிறது. 2000-ல் யூ-லி வாங் குழுவினர் காட்டியது இது.

கேள்வி: ஊரும்போது இரண்டு செல்கள் முட்டிக்கொண்டால்? (இல்லத்தரசி, விருதுநகர்)

பதில்: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மைக்கேல் அபர்குரோம்பியும் ஜோன் ஹேஸ்மனும் 1953, 54-ல் கோழிக்கரு இதயத் துண்டுகளிலிருந்து வெளியேறும் செல்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். முட்டிய இடத்தில் விளிம்பின் துடிப்பு நின்றுவிடும். செல் அங்கே பின்வாங்கி, வேறு பக்கத்தில் புது விளிம்பு நீட்டி விலகிப் போகும். அதனால்தான் செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரவுகின்றன. சர்கோமா புற்றுநோய்ச் செல்களை எதிரே விட்டபோது அவை இந்த மரியாதையைக் காட்டவில்லை, ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குள்ளே நுழைந்து போய்க்கொண்டே இருந்தன. அதையும் அவர்களே 1957-ல் எழுதினார்கள்.

கேள்வி: குழந்தை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டால், "காற்றாட விடு, பொருக்கு கட்டினால்தான் ஆறும்" என்கிறார் மாமியார். மூடிக் கட்டு என்கிறது ஆஸ்பத்திரி. எது சரி? (வாசகி, ஈரோடு)

பதில்: மூடுவதுதான் சரி. காரணத்தைச் சொன்னால் அத்தையும் ஒத்துக்கொள்வார்.

சிராய்ப்பு ஆறுவது என்றால், காயத்தின் ஓரத்திலும் முடிக்கால்களிலும் மிஞ்சியிருக்கும் தோல் செல்கள் ஊர்ந்து வந்து திறந்த இடத்தை மூடுவது. சாதாரண நாளில் அந்தச் செல்கள் கீழே உறுதியாகக் கட்டிப்போடப்பட்டிருக்கும். காயம் பட்டதும் அந்தக் கட்டை அவிழ்த்து, பிடிக்கும் புரதங்களை மாற்றிக்கொண்டு, கூட்டமாகப் புறப்படும். அவை ஊர்வதற்கு ஈரமான தரை வேண்டும். காற்றாட விட்டால் மேலடுக்கு காய்ந்து பொருக்காகிவிடும். காய்ந்ததன் மேல் செல்லால் போக முடியாது. பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கி, வழியில் இருப்பதைக் கரைத்துக்கொண்டு போக வேண்டும். 1962-ல் ஜார்ஜ் வின்ட்டர் பன்றிகளின் தோலில் சம அளவுக் காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்தே விட்டார், சிலவற்றை பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் பரவியது. இன்றைய ஈரம் காக்கும் கட்டுகளெல்லாம் அதற்குப் பின் வந்தவை.

அதனால் சின்னச் சிராய்ப்பை ஓடும் சுத்தமான தண்ணீரில் மண் போகக் கழுவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடி, நனைந்தால் மாற்றுங்கள். காபித்தூள் வேண்டவே வேண்டாம். ஆழமான காயம், விலங்குக் கடி, சர்க்கரை நோயாளியின் கால் புண் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டை அழுத்தியபோது தெறித்து என் பேரனின் ஒரு கண் வெந்துவிட்டது. கருவிழி மேல் வெண்மையாக ரத்தக்குழாய்கள் படர்ந்திருக்கின்றன. மற்றக் கண்ணிலிருந்து செல் எடுத்து வைக்கலாம் என்கிறார்கள். நல்ல கண்ணைத் தொடலாமா என்று பயமாக இருக்கிறது. (வாசகர், தேனி)

பதில்: ஐயா, பேரனுக்கு நடந்ததைப் படித்து மனசு கனத்துவிட்டது. பயம் நியாயமானது. செல்கள் ஊரும் கதை இங்கே எப்படி வருகிறது என்று சொல்கிறேன், முடிவெடுக்க உதவும்.

கருவிழியின் மேல்தோல் தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்டும் செல்கள் கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் வளையத்தில், லிம்பஸ் என்ற இடத்தில் உருவாகி நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. 1983-ல் தாஃப்ட், ஃப்ரெண்ட் இருவரும் இதை ஒரு வரவு செலவுக் கணக்காகவே எழுதினார்கள். சுண்ணாம்பு அந்த வளையத்தை அழித்துவிட்டால் வரவு நின்றுவிடுகிறது. காலியான இடத்தில் வெள்ளைவிழியின் செல்கள் ரத்தக்குழாய்களோடு ஏறி வருகின்றன. நீங்கள் பார்க்கும் படர்வு அதுதான். இந்த நிலையில் கருவிழி மாற்று மட்டும் செய்தால் நிலைக்காது, அதன் மேல்தோலைப் புதுப்பிக்க ஆள் இல்லை.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012-ல் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் லிம்பஸிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் துண்டு மட்டும் எடுக்கிறார்கள். அதை 8 முதல் 10 துணுக்குகளாக நறுக்குகிறார்கள். பாதிக்கப்பட்ட கண்ணில் படர்ந்த திசுவை நீக்கி, பனிக்குடச் சவ்வை விரித்து, அதன் மேல் இந்தத் துணுக்குகளை ஃபைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். வேலை அவ்வளவுதான். மிச்சத்தைச் செல்களே செய்கின்றன. ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் நாலாபக்கமும் ஊர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பரப்பு முழுவதையும் மூடுகின்றன. முதலில் செய்த 6 பேருக்கும் 6 வாரத்துக்குள் மூடியது. அதற்கு முன்பு லேபில் செல்களை வளர்த்துத் தாளாக்கி வைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவும் இதில் இல்லை. என் துறையில் இந்தியாவில் நடந்த வேலைகளில் என்னை மிகவும் பெருமைப்படுத்தியது இது.

எடுக்கும் துண்டு சின்னது, நல்ல கண்ணின் வளையத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆனாலும் பேரனின் கண்ணுக்கு இது பொருந்துமா, இமை, கண்ணீர், கண் அழுத்தம் எல்லாம் எப்படி என்பதை நேரில் பார்க்கும் கருவிழி நிபுணர்தான் சொல்ல முடியும். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள்.

மற்றவர்களுக்கு: கண்ணில் சுண்ணாம்பு பட்டால் அந்த நொடியே சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவத் தொடங்குங்கள். அரை மணி நேரம் வரை நிறுத்தாதீர்கள். அதன்பின் நேராகக் கண் ஆஸ்பத்திரி. பாக்கெட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: கட்டியில் ஊசி போட்டு பயாப்ஸி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் அம்மாவைத் தடுக்கிறார்கள். (வாசகி, கடலூர்)

பதில்: தடுக்க விடாதீர்கள். புற்றுநோய்ச் செல் வேறு உறுப்பில் குடியேற, அண்டைச் செல்களின் பிடியை அவிழ்க்க வேண்டும், அடித்தளச் சவ்வைக் கரைத்து நுழைய வேண்டும், ரத்தக்குழாய்க்குள் போய், உயிரோடு தப்பி, வெளியே வந்து, புது மண்ணில் ஒட்டிப் பெருக வேண்டும். ஊசிக்காகக் காத்திருக்கும் வேலை இல்லை இது. ஊசித் தடத்தில் செல்கள் தங்குவது பெரும்பாலான புற்றுநோய்களில் மிக அரிது. வாய்ப்பு சற்று அதிகமுள்ள சில இடங்களில் டாக்டர்களே வேறு வழி பார்ப்பார்கள். பயாப்ஸியைத் தள்ளிப்போடும் மாதங்களில்தான் அந்தச் செல்களுக்கு நேரம் கிடைக்கிறது. இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போங்கள்.

கேள்வி: செல் ஊர்வதைப் பள்ளி மைக்ரோஸ்கோப்பிலேயே மாணவர்களுக்குக் காட்ட முடியுமா? (அரசுப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை)

பதில்: முடியும் டீச்சர், அமீபா இருக்கிறதே! குளத்து ஓரத்தில் அழுகிய இலைகளை அடித்தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, வெயில் படாமல் சில நாள் வையுங்கள். அமீபா அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் மேல்தண்ணீரை எடுக்காமல் அடியில் படிந்ததைத் துளிகுழாயால் உறிஞ்சுங்கள். ஸ்லைடில் வைத்ததும் ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள், கலங்கிய அமீபா உருண்டிருக்கும், பிறகுதான் ஒட்டிக் கை நீட்டும். வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். அது கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால், அதிக வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. குறைந்த உருப்பெருக்கத்தில் தேடிப் பிடித்து, அப்புறம் பெரிதாக்குங்கள். குளத்துத் தண்ணீர் மூக்கிலோ கண்ணிலோ படக்கூடாது, முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அமீபா நகரும் விதம் ஃபைப்ரோபிளாஸ்டைப் போலவே இருக்காது. அதன் உள்ளே திரவம் பாய்வதே கண்ணுக்குத் தெரியும், வேகமும் அதிகம். ஆனாலும் நீட்டுவது, ஒட்டுவது, பின்பக்கத்தை விடுவது எல்லாம் அங்கேயும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு முறை அதன் வெளிக்கோட்டை வரையச் சொல்லுங்கள். படங்களை எனக்கு அனுப்புங்கள், எந்த இடத்தில் பிடித்தது, எந்த இடத்தில் விட்டது என்று குறித்து அடுத்த மாதம் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.